யாருடைய நொடி?

சிற்றிதழ்களின் கடிதப் பகுதியில் ஆண்டுக்கொரு முறையாவது ஒரு புலம்பல் வந்துவிடும். தமிழன் ‘ஒரு செகண்ட்’ என்கிறான். ‘ஜஸ்ட் எ மினிட்’ என்கிறான். இளைய தலைமுறையோ அதையும் நறுக்கி ‘ஒன் செக்’ என்கிறது. ‘நொடி’ என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்க இந்த இழிநிலை ஏன் என்ற கேள்வியோடு கடிதம் முடியும். எழுதியவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவருடைய தமிழ்ப்பற்றில் ஐயமுமில்லை. ஆனால் காரியம் அத்தோடு நிற்பதில்லையே! நான்கு பேர் வழிமொழிகிறார்கள். பிறகு ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்த அறிவுரையைத் தலைமேற்கொண்டு, தம் கைக்கு வந்த ஆங்கில நாவலில் உள்ள ‘ஜிஃபி’, ‘டிக்’, ‘மோ’, ‘செக்’, ‘ட்ரைஸ்’ எல்லாவற்றையும் ஒரே ‘நொடி’க்குள் போட்டு மூடிவிடுகிறார். லண்டன் மதுக்கடைப் பணிப்பெண், ஓய்வுபெற்ற தளபதி, கடன்காரனுக்கு அஞ்சிக் கதவுக்குப் பின்னால் நிற்பவன், பந்தை எடுக்க ஓடும் சிறுவன், நால்வரும் ஒரே குரலில் ‘ஒரு நொடியில் வருகிறேன்’ என்கிறார்கள். நாமும் அதைப் படித்துவிட்டு, மொழிபெயர்ப்பு ஏதோ சுகப்படவில்லை என்று முணுமுணுத்தபடி புத்தகத்தை அலமாரியில் செருகுகிறோம்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேச்சுவழக்கில் சிறுபொழுதைக் குறிக்கும் சொற்கள் கால அளவின் பெயர்கள் அல்ல. யார் யாரைக் காக்க வைக்கிறார், எந்த உரிமையில் காக்க வைக்கிறார், எவ்வளவு பணிவோடு அல்லது அலட்சியத்தோடு காக்க வைக்கிறார் என்பதைச் சொல்ல வந்தவை அவை. இதை மறந்து, செகண்டுக்கு நொடியைச் சரிக்குச் சரி நிறுத்துவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. சாட்சிக்கு நாங்கள் அழைப்பது காஞ்சிபுரத்தை. காரணம் உண்டு. அவ்வூரின் தலபுராணமே ஒரு கணப்பொழுதைப் பற்றிய வழக்குத்தான். அதற்கு வருமுன் கடிதக்காரரின் கணக்கைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம் என்றால் விநாடிக்கு 24 செகண்ட். அந்த விநாடியைத்தான் நம் பாடநூல்கள் பிடித்து வந்து, 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, செகண்டுக்குப் பெயராக்கின. நிமிஷம் நேர் எதிர்த்திசையில் போயிற்று. வடமொழியில் அது கண்ணிமைப்பு. நம்மிடம் வந்து கடிகாரத்தில் ஏறியபின் 60 செகண்டாக ஊதிப்போயிற்று. ஷகரத்தை டகரமாக்கி ‘நிமிடம்’ என்று எழுதிவிட்டால் தீட்டுக் கழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள், உள்ளே மூடித் திறக்கும் இமையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தெருவில் போகிறவர் ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்னும்போது 60 செகண்டை மனத்தில் வைத்துச் சொல்வதில்லை. ஓர் இமைப்பைத்தான் கேட்கிறார். பாடநூல் ஊதிய சொல்லை ஊர் வாய் மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டது. ஈழத்துப் பாடநூல்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ‘செக்கன்’ என்று எழுதின. அங்கே தமிழ் அதனால் செத்துவிடவில்லை.

சரி, நொடி? தொல்காப்பியரும் பிறகு நன்னூலாரும் மாத்திரைக்கு அளவு சொல்ல இரண்டைத் துணைக்கழைத்தார்கள்: இயல்பான கண்ணிமைப்பு, கைந்நொடி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. உரைகளில் வழங்கும் ஒரு பழங்கணக்கு இன்னும் நுணுகிப்போய் அந்த ஒரு நொடிப்பையும் நான்காகப் பகுக்கிறது. நொடிக்க நினைத்தால் கால், விரல்களை ஊன்றினால் அரை, முறுக்கினால் முக்கால், விடுத்தால் ஒன்று. எங்களுக்கு இதைக் காட்டிலும் வியப்பான செய்தி தமிழிலக்கணத்தில் குறைவு. எண்ணிய கணத்திலேயே பொழுதின் கால் பங்கு கழிந்துவிடுகிறது! இப்படி ஒரு மனிதனின் விரலிலும் எண்ணத்திலும் இருந்த நொடியை, 1967-இல் சீசியம் அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்ட செகண்டோடு சமப்படுத்திவிட்டு, ‘மீட்டுவிட்டோம்’ என்று மார்தட்டுகிறோம். எதை மீட்டோம்? விரலை வெட்டிவிட்டு மோதிரத்தை மீட்டிருக்கிறோம்.

ஆங்கிலத்திலும் இவ்வகைச் சொற்கள் அளவுகோலிலிருந்து பிறந்தவை அல்ல. ‘ட்ரைஸ்’ என்பது கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தல். ‘டிக்’ கடிகாரத்தின் சத்தம். ஆட்டுக்குட்டி வாலை இருமுறை ஆட்டும் நேரம் என்றொரு வழக்கு உண்டு; அதிலுள்ள ஆட்டலைத்தான் அமெரிக்க அணுகுண்டு விஞ்ஞானிகள் 10 நானோசெகண்டுக்குச் செல்லப்பெயராக்கினார்கள். ‘மோமெண்ட்’ இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணியின் 40-இல் ஒரு பங்கு, அதாவது 90 செகண்ட். பிறகு தன் அளவை உதறிவிட்டு வெறும் கணமாயிற்று. ‘ஜிஃபி’ அச்சில் தலைகாட்டியது 1785-இல். தாய் தகப்பன் தெரியாத சொல். கில்பர்ட் லூயிஸ் என்ற வேதியியலார் அதை ஒளி ஒரு சென்டிமீட்டர் கடக்கும் நேரத்துக்கு வைத்துப் பார்த்தார். லினக்ஸ் நிரலாளர்கள் கணினிக் கடிகாரத்தின் துடிப்புகளை அப்பெயரால் எண்ணுகிறார்கள். வேடிக்கைக்காக அளவு கற்பித்தவர்களுக்கு அது வேடிக்கை என்று தெரிந்திருந்தது. ‘ஜிஃபியில் வருகிறேன்’ என்ற தச்சனிடம் எவரும் ஒளியின் வேகத்தைக் கேட்டதில்லை. நாம் மட்டும் வேடிக்கையை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொண்டோம்.

நிற்க. காஞ்சிக்கு வருவோம்.

கயிலையில் உமை விளையாட்டாக இறைவன் கண்களைப் பொத்தினாள். ஞாயிறும் திங்களுமான கண்கள் மூடவே உலகங்கள் இருண்டன. அவளுக்கு அது ஒரு கணம். இருளில் கிடந்த உயிர்களுக்கோ எண்ணிமாளாத ஊழி. அந்தக் கணத்துக்குக் கழுவாயாகத்தான் அவள் கம்பையாற்றங்கரைக்கு வந்து, மாவடியில் மணலால் இலிங்கம் அமைத்து நோன்பிருந்தாள். வெள்ளம் வந்தபோது அதைத் தழுவிக்கொண்டாள். ஏகம்பரநாதர் கோயிலுக்குப் போகிற யாருக்கும் தெரிந்த கதை. இதைக் காஞ்சிப் புராணத்தில் பாடிய சிவஞான முனிவர் வெறும் புராணக்காரர் அல்லர். நன்னூல் விருத்தியுரையைத் திருத்திச் செப்பம் செய்த இலக்கணக்காரர். மாத்திரைக்குக் கண்ணிமைப்பும் கைந்நொடியும் அளவு என்பதை உரைக்காரராக நன்கறிந்த அதே மனிதர், மூடிய கண்ணின் கணம் எல்லோருக்கும் ஒரே அளவில்லை என்பதைக் கவிஞராகப் பாடினார். அவர் மறைந்தது 1785-இல். ‘ஜிஃபி’ அச்சேறிய அதே ஆண்டு. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதே ஊரில் இன்னொரு வழக்கும் உண்டு. திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார். குளிர்நாளில் அழுக்குக் கந்தையோடு வந்த அடியாரிடம், பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக வாக்களித்து வாங்கிக்கொள்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விட்டபாடில்லை. பொழுது சாய்கிறது. குளிரில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற ஒன்றே அவரைத் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ளத் துணியவைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் தாமதம் ஓர் இரவுதான். சேக்கிழார் அதைக் கணக்கிடவில்லை. காத்திருப்பவரின் உடம்பைப் பார்த்தார்.

புராணம் போதும், இன்றைக்கு வா என்பீர்கள். வருகிறோம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுத்தறி. கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று, ஆக மூன்று நாடாக்கள். நெய்கிறவர் குழியில் கால் வைத்து மிதிக்க, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீசவேண்டும். உடலின் ஊடும் கரையின் ஊடும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டால்தான் அது கோர்வை. ஒவ்வோர் ஊடுக்கும் இருவர் கையும் ஒரே கணத்தில் சந்திக்கவேண்டும். ஒருவர் பிந்தினால் மற்றவர் நிற்கவேண்டும். அந்தப் பக்கத்து ஆள் நெடுங்காலம் வீட்டுச் சிறுவனோ சிறுமியோதான். பள்ளிக்கூட நேரம் அந்த நாடாவில்தான் போயிற்று. இப்போது கோர்வைக்கு உடன் உட்கார ஆள் கிடைப்பதே அரிது. இப்படி 10 நாள், 15 நாள் கைகள் சந்தித்துச் சந்தித்து ஒரு புடவை முடிகிறது. 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த நெசவுக்குத்தான்.

தறியிலிருந்து அறுத்த புடவையை எடுத்துக்கொண்டு அவர் முதலாளியின் கடைக்குப் போகிறார். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எல்லாக் கடையும்தான். கணக்குப் பார்ப்பவர் நிமிராமலே ‘ஒரு நிமிஷம் உக்காருப்பா’ என்கிறார். அந்த நிமிஷம் மதியச் சாப்பாட்டுக்கு அப்பாலும் நீளும். கூலி புடவைக்குத்தான், மணிக்கு இல்லை. ஆகவே அந்தத் திண்ணையில் கழிந்த பொழுது எந்தக் கணக்கிலும் ஏறாது. அதே நேரத்தில் உள்ளே கல்யாணப் புடவை எடுக்க வந்த அம்மாளிடம் விற்பனையாளர் ‘ஒரு நிமிஷம்மா, தோ காட்டறேன்’ என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் பத்துப் புடவை விரிப்பின்மேல் விழுகிறது. உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தால், திண்ணையில் இருப்பவர் ‘தோ வந்துட்டேங்க’ என்று எழுந்து ஓடுகிறார். அவர் ஒருபோதும் முதலாளியைப் பார்த்து ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லமாட்டார். சொல்ல அவருக்கு வாயில்லாமல் இல்லை, சொல் அவருடையதில்லை.

இப்போது எங்கள் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். இந்தக் காட்சியை ஓர் ஆங்கில நாவலாசிரியர் எழுதியிருந்தால் கணக்கருக்கு ஒரு சொல்லும், விற்பனையாளருக்கு ஒரு சொல்லும், நெசவாளிக்கு ஒரு சொல்லும் தேர்ந்து வைத்திருப்பார். நம்மவர் கையில் மூன்றும் ‘நொடி’யாகும். கடையில் யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றார், யார் ஓடினார் என்பதெல்லாம் அத்தோடு போயிற்று. தமிழில் ‘நொடித்துப் போதல்’ என்றால் என்ன என்று திண்ணையில் இருந்தவருக்குத் தெரியும். அந்த நொடி மட்டும் எந்தச் சொற்பட்டியலிலும் செகண்டுக்கு நேராக வருவதில்லை.

எதிர்வாதம் ஒன்று எங்களுக்குக் கேட்கிறது. ‘அப்படியானால் கணக்கர் ஒன் செகண்ட் என்று சொன்னாலும் சரி என்பீர்களோ? அண்ணா பிறந்த ஊரில் இருந்துகொண்டா?’ ஆம், சொல்லட்டும். பிறமொழிச் சொல்லுக்காக யாரும் வாயைக் கழுவவேண்டியதில்லை. 1968-இல் இந்தியை விலக்கித் தமிழையும் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டவர் அதே அண்ணாதான்; வீட்டில் வைத்துக்கொண்ட ஆங்கிலம் பேச்சில் கலக்காமல் இருக்குமா? தவிர, பட்டுக்கடையின் ‘ஒன் செகண்ட், மேடம்’ என்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ‘தோ வந்துட்டேங்க’ என்பதில் உள்ள அடக்கத்தை உதறிவிட்டு, எதிரில் நிற்பவரோடு சமமாக நிற்க ஆசைப்படும் ஓர் இளைஞனின் சொல் அது. அவன் கண்ணியத்தை ‘செகண்ட்’டில் கண்டுகொண்டான் என்றால், தமிழில் அவனுக்கு நாம் அதைக் கொடுக்கவில்லை என்று பொருள். கடிதக்காரர்கள் அதற்கல்லவா வருந்தவேண்டும்!

மறுபக்கத்தில் இருப்பவர்களையும் விடுவதாக இல்லை. யதார்த்தம் என்ற பெயரில் பாத்திரங்கள் அத்தனை பேர் வாயிலும் ‘ஜஸ்ட் எ செக்’கைத் திணிக்கும் நம் நண்பர்கள் சிலர், தூய்மைவாதிகளின் மறுபதிப்பு. அவர்களுக்கு எல்லாம் நொடி. இவர்களுக்கு எல்லாம் செக். இருவருக்கும் காது ஒன்றுபோலவே அடைத்திருக்கிறது.

காது திறந்திருந்தால் என்ன கேட்கும் என்பதற்கு 2019-ஐச் சொல்லலாம். அத்திவரதர் 1979-க்குப் பிறகு அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள்; ஜூலை முழுவதும் சயனம், ஆகஸ்டில் நின்ற கோலம். 40 ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் காட்சி. மணிக்கணக்கில் வெயிலில் நின்றவருக்குப் பெருமாள் முன்னிலையில் கிடைத்தது சில செகண்டுகள். அங்கே ‘நகருங்க, நகருங்க’ என்ற குரல்தான் கடிகாரம். திரும்பி வந்தவர்கள் அந்தச் சில செகண்டுகளை என்ன சொல்லால் குறித்தார்கள் என்று கேட்டீர்களா? ‘ஒரு கண் பாத்தேன், போதும்’. கிளம்பும்போது அவர்கள் சொன்னதும் ‘ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்’ என்பதுதான். எட்டு வைக்கும் கால், பார்க்கும் கண். இந்த இரண்டிலும் நேரம் என்ற சொல்லே இல்லை. ஒரு எட்டு என்று புறப்பட்டவர் ஒரு பகல் முழுக்க நின்றார். முக்கியஸ்தர்களுக்கான வழியில் போனவருக்குத்தான் அது உண்மையில் ஒரு எட்டாக இருந்தது. ஒரே தரிசனம், ஒரே சொல், இரண்டு வரிசை. இதைச் செகண்டில் பெயர்த்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

தமிழில் இவ்வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சட்டென்று, பட்டென்று, டக்கென்று, சொடக்குப் போடுகிற நேரத்தில், கண்ணை மூடித் திறப்பதற்குள், வெற்றிலை மடிக்கிற நேரம், ஒரே மூச்சில், ‘செத்த இரு’, ‘இந்தா வந்தாச்சு’, வட மாவட்டங்களின் ‘தோ’. இந்தக் கடைசிச் சொல்லை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ‘இதோ’ என்பதில் முதலெழுத்தையும் விழுங்கிவிட்ட ஒற்றை நெடில். இலக்கணப்படி இரண்டு மாத்திரை. அவ்வளவுதான் அதன் நீளம். வருகிறவரின் கை, கால், மனம் எல்லாம் அதில் கிளம்பிவிட்டன. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி செய்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதுபோல் செய்யவேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். மேடை இருக்கட்டும். மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் குறைந்தபட்சம் தம் தெருவையாவது கேட்டிருக்கலாம் என்பதுதான் எங்கள் குறை.

எதையெங்கே போடுவது என்று சூத்திரம் கேட்பார்கள். எங்களிடம் சூத்திரம் இல்லை. கேள்வி ஒன்று இருக்கிறது. காத்திருப்பது யார்? மதுக்கடைப் பணிப்பெண் வாடிக்கையாளரைப் பார்த்து ‘இன் எ ஜிஃபி’ என்றால் ‘தோ சார்’. தளபதி ஏவலாளிடம் ‘ஒன் மோமெண்ட்’ என்றால் வெறும் ‘இரு’ போதும். அதில் காலச்சொல்லே வேண்டாம். கதவுக்குப் பின்னால் நிற்பவன் கடன்காரனிடம் ‘டூ மினிட்ஸ்’ என்றால் ‘ரெண்டே நிமிஷம்’ என்ற ஏகாரத்தில் அவன் பொய் முழுதும் இருக்கிறது. பந்தை எடுக்க ஓடும் சிறுவன் எதையும் சொல்லாமலேகூட ஓடலாம். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்களானால், இருக்கட்டுமே! ஆங்கிலச் சிறுவனுக்கு ஓடுமுன் சொல்லிவிட்டு ஓடும் பழக்கம். நம் பிள்ளைக்கு இல்லை.

‘அப்படியானால் ஜிஃபியைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். எங்களுக்கு மறுப்பில்லை, வரட்டும். வந்து பிள்ளையார்பாளையத்தில் ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் நின்று ‘உள்ளே யாரும் இருக்கீங்களா?’ என்று குரல் கொடுக்கட்டும். தறிச்சத்தம் நிற்காது, நின்றால் கோர்வை கெடும். கையிலுள்ள ஊடு முடிந்தபின் உள்ளேயிருந்து ‘தோ’ என்று பதில் வரும்.